கணக்கில் எழுதாத குழம்பு மீன்

மனு எழுதுவதில் அந்த நாளில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தத் திறமைதான் என்னைக் குப்புறத் தள்ளப் பார்த்தது, அதனால் சொல்கிறேன்.

துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் ஒன்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆபீஸ் வேலை போக, கல்மண்டபத்தில் எங்கள் தெருவுக்கே நான்தான் மனு அடித்துக் கொடுப்பேன். ரேஷன் கார்டா, விதவைப் பென்ஷனா, தெருக்குழாயா, கூப்பிடு அவளை என்பார்கள். 'ஏழை எளிய', 'நாதியற்ற', 'தங்கள் கருணையை நம்பி' என்று நான் அடிக்கிற அடியில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கைக்குட்டையைத் தேட வேண்டும். காரியம் நடக்கும். நடக்காவிட்டாலும், நல்லா எழுதியிருக்கே என்றாவது சொல்லி அனுப்புவார்கள்.

பிறகு ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. முதலாளியின் மருமகனே கடிதங்களை அடிக்க ஆரம்பித்தார். என்னை ஒரு சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மே மாதத்தில் சால்வை! அந்த எரிச்சலிலேயே ஏழு மாதம் வீட்டில் கிடந்தேன்.

அப்படிக் கிடந்த ஒரு காலையில் எதிர்வீட்டில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நிற்கவே இல்லை. போய்ப் பார்த்தேன். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. இடுப்பில் பழைய புடவைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்திருந்தார்கள். கையெட்டும் தூரத்தில் ஒரு கிண்ணத்தில் பொரி, ஒரு டம்ளர் தண்ணீர். தண்ணீர் கொட்டி, பொரி நனைந்து, குழந்தை அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது.

அவளுடைய அம்மாவை எனக்குத் தெரியும். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. விடிவதற்கு முன்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக விற்றுவிட்டு, பதினொன்றரைக்குத்தான் வீடு திரும்புவாள். புருஷன் விசைப்படகில் போகிறவன்; போனால் பத்து நாள் கடலோடு சரி. பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலுமே பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

அவள் வந்ததும் பிடிபிடியென்று பிடித்தேன். நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டுவிட்டேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அமைதியாக முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"பின்ன இன்னா யக்கா பண்ண சொல்றே? அவுத்து வுட்டா ரோட்டுக்குப் பூடும். கண்டெய்னர் லாரிக்காரன் பாத்து நிப்பானா?"

எங்கள் தெரு முனையில் போய் நின்றால் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள்தான். இரண்டு மாதத்துக்கு முன்தான் அந்த முனையில் ஒரு சைக்கிள்காரர் போய்ச் சேர்ந்திருந்தார். "நாளையிலேர்ந்து எங்கிட்ட வுட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், ஐயோ, எனக்குக் குழந்தை வளர்த்துப் பழக்கமே இல்லையே என்று உறைத்தது.

மறுநாள் குழந்தையைத் தூக்க வந்தவள், கூடையிலிருந்து ஒரு கை நெத்திலியை அள்ளி என் சட்டியில் போட்டாள். "கொயம்புக்கு வெச்சிக்க யக்கா." நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இந்தக் குழம்பு மீன் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படகு கரைக்கு வந்ததும், ஏலத்துக்கு முன்னால், பங்கு பிரிப்பதற்கு முன்னால், படகில் போன ஒவ்வொருவனும் வீட்டுக் குழம்புக்கென்று ஒரு கை மீனைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வான். அது கூலியும் இல்லை, பங்கும் இல்லை. படகுக்காரரும் கேட்கமாட்டார். அதைக் கணக்குப் பார்க்கிறவன் அற்பன் என்று பெயர் எடுப்பான். என் அப்பாவும் துறைமுக வேலைக்குப் போகும் முன்பு படகில் இருந்தவர்தான். சம்பளம் எவ்வளவு என்று அவர் அம்மாவிடம் பொய் சொன்னதுண்டு. குழம்பு மீனைப் பற்றி யாரும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஒன்று மூன்றாயிற்று, மூன்று பத்தாயிற்று. ஆறு மாதத்தில் பதினெட்டு மீன்காரிகளின் பதினெட்டுப் பிள்ளைகள். என் வீட்டில் கால் வைக்க இடமில்லாமல், நாலு வீடு தள்ளி ஒரு முன்னறையை வாடகைக்குப் பிடித்தேன். என் சித்தியைச் சமையலுக்குச் சேர்த்துக்கொண்டேன். சித்திக்கு வாய் நீளம், கை அதைவிட வேகம். பதினெட்டு அம்மாக்களும் ஆளுக்கு ஒரு கை மீனைப் போட்டுவிட்டுப் போவார்கள். சித்தி அதில் முள் இல்லாததை மறுநாள் பிள்ளைகளுக்கு ஐஸ் பெட்டியில் வைப்பாள்; மிச்சத்தை ஆய்ந்து சுத்தம் செய்து பக்கத்துத் தெரு மெஸ்ஸுக்குக் கொடுத்து, பாலும் சோப்பும் மண்ணெண்ணெயும் வாங்கி வருவாள். வாடகையும் பாதி அதிலேயே போய்விடும்; மறுபாதி என் கைப்பணம். அது எப்படி நடக்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. காற்று வருகிறது, மூச்சு விடுகிறோம், அதுபோல.

இப்படியே மொத்தம் ஒன்றரை வருடம் ஓடியது. ஆனி பிறந்ததுமே வீட்டுக்காரர் வந்து, பையனுக்கு ஆவணியில் கல்யாணம், மருமகளுக்கு அந்த அறை வேண்டும், ஆடி முடிவதற்குள் காலி செய்துவிடுங்கள் என்றார். நல்ல மனிதர்தான், கோபித்துக்கொள்ள வழியில்லை. அடுத்த தெருவில் பின்கட்டு முற்றத்தோடு ஒரு இடம் இருந்தது. ஆனால் அதற்குக் கேட்ட அட்வான்ஸை எங்கள் பதினெட்டு வீட்டையும் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாலும் புரட்ட முடியாது.

செய்தி பரவிய மறுநாளிலிருந்து, எதிர்வீட்டுக்காரி பிள்ளையை விடும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"எடம் கெடச்சிதா யக்கா?"

"பாத்துகினு கீறேன்."

ஒரு நாள் போகிற போக்கில் சொன்னாள்: "கெடக்கலன்னா முன்னாடியே சொல்லிடு யக்கா. இப்ப இதுக்கு வயசு மூணு ஆச்சி. பயய துணி தாங்காது. நைலான் கயிறுதான் வாங்கணும்." கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோயில் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்தது அப்போதுதான். நகரத்துக்குள் ஒரு கல்லூரியில் சமூகத் தொழில்முனைவோர் பயிற்சி, நான்கு சனிக்கிழமைகள், மதியச் சாப்பாடு உண்டு, பஸ் கட்டணம் தரப்படும். சமூகத் தொழில்முனைவோர் என்றால் என்ன எழவோ எனக்குத் தெரியாது. ஆனால் கடைசி வரியில், முடிவில் அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பிக்க உதவி செய்யப்படும் என்றிருந்தது. விண்ணப்பம்! நம்ம ஏரியா ஆச்சே என்று கிளம்பிவிட்டேன்.

வகுப்பு எடுத்தவர் சின்ன வயதுக்காரர், வேக வேகமாகப் பேசுவார். தர்மம் செய்கிறவன் மீனைக் கொடுப்பான், தொழில் செய்கிறவன் மீனை விற்பான், நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்கள் என்று ஏதோ சொன்னார். மீனைப் பற்றி எங்களுக்குச் சொல்ல வந்துட்டாரு என்று நான் பக்கத்துப் பெண்ணிடம் முணுமுணுத்தேன். இரண்டாவது வாரம் என்னை எழுப்பி, "உங்களுக்கு உதவி பண்றவங்க நாளைக்கே நிறுத்திட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"வேற ஆளுக்கு மனு போடுவோம் சார்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். எனக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை, உண்மையைத்தானே சொன்னேன்!

கடைசி வாரம் ஒரு அறக்கட்டளையின் படிவத்தைக் கொடுத்தார்கள். எட்டுப் பக்கம். வீட்டுக்கு வந்து, பழைய டைப்ரைட்டரைத் தூசி தட்டி, என் கைவரிசை முழுவதையும் அதில் காட்டினேன். 'ஆதரவற்ற, கேட்பாரற்ற பிஞ்சுகள்' என்று ஆரம்பித்து, 'பெற்றும் பேணாத அவல நிலை' என்று நடுவில் ஒரு தட்டுத் தட்டி, கடைசியில் கருணைக் கடலை வற்றவிடாமல் முடித்திருந்தேன். ஆறாவது பக்கத்தில் ஒரு கேள்வி: பயனாளிகளின் பங்களிப்பு என்ன? யோசிக்கக்கூட இல்லை. 'ஏதுமில்லை. ஏதும் தர வழியற்றவர்கள்' என்று அடித்தேன். அந்த வரியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. நேரில் பார்க்க ஆள் வருகிறார்கள், அதன் பிறகுதான் முடிவு. ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

வருகிற அம்மா தெற்குப் பக்கம், மயிலாப்பூர் என்று வகுப்பு எடுத்தவரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சைவமாகத்தான் இருப்பார், மீன் நாற்றம் பட்டால் வாசலோடு திரும்பிவிடுவார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். முதல் நாளே அம்மாக்கள் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன்: "நாளைக்கு ஒருத்தரும் மீனு கொண்டாரக் கூடாது. குளிச்சிட்டு, நல்ல பொடவ கட்டிகினு வாங்க."

"சும்மாவா வந்து புள்ளையத் தூக்கிகினு போறது?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"ஒரு நாளைக்குத்தானே!"

சித்தி விடவில்லை. "ஏன்டி, மீனு இன்னா கலீஜா? அத்த துன்னுதானே நீ வளந்தே?"

வாயை மூடு சித்தி என்று சொல்லிவிட்டு, பினாயில் ஊற்றித் தரையைக் கழுவினேன். ஐஸ் பெட்டியை மாடிக்கு அனுப்பினேன். ஊதுபத்தி ஏற்றினேன். அந்த அறை அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது.

அறக்கட்டளை அம்மா பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். என் வயதுதான் இருக்கும். லாரிகளுக்கு நடுவே மாட்டி வந்த களைப்பில் வியர்த்து வழிந்தது. நாற்காலி போட்டதை ஒதுக்கிவிட்டுப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். எதிர்வீட்டுக் குழந்தை போய் அவருடைய மடியில் ஏறிக்கொண்டு கண்ணாடியைப் பிடுங்கியது. அவர் கோபிக்கவில்லை. சரி, பாதி ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன்.

ஆனால் கேள்வி கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. பாலுக்கு யார் தருகிறார்கள், சாப்பாடு எப்படி நடக்கிறது, தாய்மார்கள் என்ன செய்கிறார்கள் என்று சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தார். நானும் விடாமல், "அவங்களால ஒண்ணும் முடியாது மேடம், பாவப்பட்ட ஜனங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பாவம் என்று காட்டுகிறோமோ அவ்வளவு கிடைக்கும் என்பதுதானே நான் கற்ற வித்தை.

அவர் ஃபைலை மூடினார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "எனக்கு மனசு கேக்கலைங்க. ஆனா எங்க விதி ஒண்ணு இருக்கு. ஜனங்க தாங்களா எதையாவது போட்டு நடத்துற இடத்துக்குத்தான் நாங்க கை கொடுப்போம். இல்லேன்னா நாங்க போன அன்னிக்கே அது மூடிடும். நிறைய இடத்துல அப்படிப் பார்த்துட்டோம்."

எனக்குக் காதில் வண்டு குடைகிற மாதிரி இருந்தது. இன்னும் மூன்று வாரம். நைலான் கயிறு.

அந்த நேரம் பார்த்து அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நல்ல புடவை, தலையில் பூ, கை வெறும் கை. அறக்கட்டளை அம்மா கிளம்புவதற்கு முன்னால், முறைக்காக ஒரு வார்த்தை கேட்போம் என்று நினைத்தாரோ என்னவோ, விண்ணப்பத்தை எடுத்து, "உங்களைப் பத்தி இவங்க எழுதியிருக்கிறது சரிதானான்னு சொல்லுங்க" என்று உரக்கப் படிக்க ஆரம்பித்தார். 'ஆதரவற்ற, கேட்பாரற்ற பிஞ்சுகள்...'

"யாரு?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"உங்க குழந்தைங்கதான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"யக்கா, எம்புள்ள ஆதரவு இல்லாததா? அப்ப நான் இன்னா, செத்தா பூட்டேன்? அதுங்கொப்பன் கடல்ல முழுவிட்டானா?"

"அது அப்படி இல்ல, எழுத்துக்கு..."

"இன்னா எய்த்து? நாலு மணிக்கு எய்ந்து ஏலத்துல இடிபட்டுகினு யாருக்கோசரம் ஓடறேன்? கேக்க ஆளு இல்லாத புள்ளைக்கோசரமா?" அவள் குரல் உடைந்தது. விறுவிறுவென்று வெளியே போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். வாசல் குழாயடியில் மறைத்து வைத்திருந்த அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். ஈரச் சாக்கை விலக்கி, இரண்டு கையாலும் சங்கரா மீனை அள்ளி, பினாயில் மணக்கிற தரையில், அந்த அம்மாவின் காலடியிலேயே போட்டாள்.

"மீனு கொண்டாராதேன்னு யக்கா நேத்தே சொல்லிச்சி. வாசன வருமாம். நான் கேக்கல. ஒரு நாளும் எம்புள்ளைய சும்மா வுட்டுட்டுப் போனதில்ல. இன்னிக்கும் போமாட்டேன்."

சாமி சத்தியமாக, தரை பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. சித்தி மட்டும் பின்னால் நின்று, "அப்டி போடு" என்றாள்.

அறக்கட்டளை அம்மா மீனைப் பார்த்தார். மூக்கைப் பொத்தவில்லை. "இது தினமும் உண்டா?" என்றார்.

"தெனிக்கும்" என்றார்கள் எல்லோரும்.

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். ஆளுக்கு ஒரு கை."

"அதை என்ன பண்றீங்க?" என்று அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லும் முன் சித்தி முந்திக்கொண்டாள். பிள்ளைகளுக்குப் போவது எது, மெஸ்ஸுக்குப் போவது எது, அதில் பால் எத்தனை நாள், சோப்பு எத்தனை நாள், வாடகையில் பாதி எப்படி என்று ஒப்பித்தாள். எனக்கே அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது. ஒன்றரை வருடமாக நான் ஏதோ தர்மம் செய்துகொண்டிருக்கிறேன் என்ற நினைப்பில் இருந்தேன். நடத்திக்கொண்டிருந்தது அவர்கள்.

அவர் என்னைப் பார்த்து, கொஞ்சம் கடுமையாகவே கேட்டார்: "இதை ஏன் நீங்க எழுதலை? பங்களிப்பு ஏதுமில்லைன்னு அடிச்சிருக்கீங்களே!"

நான் விழித்தேன். எதிர்வீட்டுக்காரிதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபம் முழுதாக ஆறாமலேயே எனக்குப் பரிந்து பேசினாள்:

"கொயம்பு மீன எவனாச்சும் கணக்குல எய்துவானாம்மா?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். மறுபடி பாயில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் இருந்து, ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் சைவம்தான். கொண்டுவந்த தயிர் சாதத்தைப் பிரித்து, மீன் குழம்பு சாப்பிடுகிற பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். நாற்றத்துக்குப் பயந்து பினாயில் கொட்டினேனே, அவர் சொன்ன ஒரே குறை அதைப் பற்றித்தான். தலைவலிக்கிறது என்றார்.

போகும்போது புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். "இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுதுங்க. போதும்."

போதுமாம்! அந்த எட்டுப் பக்கத்துக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே. கை தன்னால் 'ஏழை எளிய' என்று போகும், இழுத்துப் பிடிக்க வேண்டும். கடைசியில் சித்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். ஓரிடத்தில் பழக்க தோஷத்தில் 'நாதியற்ற' என்று வந்துவிட்டது. சித்தி தலையில் ஒரு குட்டு வைத்தாள். நாற்பது வயதை நெருங்குகிறவளுக்குக் குட்டு!

அனுப்பிய பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு யுகம். தபால்காரர் சைக்கிளை எங்கள் தெருவில் திருப்பினாலே நான் வாசலுக்கு ஓடிவிடுவேன். வீட்டுக்காரர் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் கூட்டி வந்து அளவு பார்த்துவிட்டுப் போனார். எதிர்வீட்டுக்காரி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் பயமாக இருந்தது.

ஆடி முடிய ஆறு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. இடத்துக்கு அட்வான்ஸ், இரண்டு வருடத்துக்குப் பாதி வாடகை, சித்திக்கும் இன்னொரு பெண்ணுக்கும் சம்பளம். மறுபாதியை இப்போது நடத்துகிறபடியே தாய்மார்கள் நடத்த வேண்டும். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி, அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது பாருங்கள், அதோடு அழுகையும் வந்துவிட்டது. சித்தி பதறிப்போய், "இல்லன்ட்டாங்களா?" என்றாள். இருக்கு சித்தி, கெடச்சிடுச்சு என்று சொல்வதற்குள் மூன்று முறை மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் பாய், சட்டி, பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றிப் புது இடத்துக்குப் போனோம். பின்கட்டில் சுற்றுச்சுவர், கம்பிக் கதவு. தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஏற வேண்டும்.

பதினொன்றரைக்கு எதிர்வீட்டுக்காரி வந்தாள். நின்று நிதானமாக இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கம்பிக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு இழுத்துப் பார்த்தாள்.

"எத்தினி நாளிக்கு யக்கா?"

"ரெண்டு வருஷம் எழுத்துல கீது. அதுக்கப்புறம் நம்ம சாமர்த்தியம்."

"அதுக்குள்ள இது இஸ்கூலுக்குப் பூடும்" என்றாள். பிறகு கூடையை மூலையில் வைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த மகளுக்குப் பக்கத்தில், பாயில் சற்று இடம் ஒதுக்கிப் படுத்தாள். ஒரு நிமிடம்தான் என்றாள். அடுத்த நிமிடம் குறட்டை.

யாரும் எழுப்பவில்லை. சித்திகூட பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவினாள். குழந்தை எழுந்து, அம்மாவைத் தாண்டிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிவிட்டது. மணி ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றுக்குக் கண் விழித்தாள். கையால் பக்கத்தில் தடவினாள். பாய் காலியாக இருந்தது. ஐயோ, இப்போது பதறப் போகிறாள் என்று நான் எழுந்தேன். அவள் பதறவில்லை. பின்கட்டில் பிள்ளைகள் கத்துகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் படுத்தபடியே கேட்டாள். சோம்பல் முறித்தாள்.

"யக்கா, டீ கீதா?" என்றாள்.